சூடான ஒற்றை முழங்கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே ஒரு மூட்டு இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சூடேறி அசைக்கவிடாமல் வலித்தால், கிருமி இல்லை என்று உறுதியாகும்வரை கிருமி இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியாண்டு மருத்துவ மாணவர் யாரை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். வார்டில் நடப்பது வேறு. நீர் எடுக்க மூட்டுக்குள் ஊசி போவதற்கு முன்பே யூரிக் அமிலம், ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்கான சோதனை), ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கான சோதனை) மூன்றும் லேபுக்குப் போய்விடுகின்றன. அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நோயாளியை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வைத்தியம் தொடங்கிவிடுகிறது. இந்த நிகழ்வு அந்தப் பழக்கத்தைப் பற்றியது. பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்துக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. எந்தத் தனி நபரையும் குறிப்பதல்ல.

நோயாளியும் வரலாறும்

காவிரி டெல்டாவில் நெல் விவசாயம் செய்யும் 56 வயது ஆண். 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 6 ஆண்டுகளாக இரத்த அழுத்தம். வலது முழங்காலில் 3 நாளாக வலியும் வீக்கமும். இரவு 2 மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பிய வலி, விடிவதற்குள் காலை ஊன்ற முடியாத அளவுக்குப் போய்விட்டது. அடிபடவில்லை. மறுநாள் வீட்டில் எண்ணெய் தேய்த்து நீவியிருக்கிறார்கள், வலி கூடியது. பக்கத்துக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசியும் டெக்சாமெத்தசோன் ஊசியும் போட்டிருக்கிறார்கள். அரை நாள் தணிந்து, மறுபடி ஏறியது.

அந்தக் கிளினிக் சீட்டை வாங்கிப் பார்ப்பது சடங்கு அல்ல. ஆன்டிபயாடிக் ஏதும் போயிருந்தால், பிறகு வரும் 'கிருமி வளரவில்லை' என்ற கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவுக்கு மதிப்புக் குறைந்துவிடும். இவருக்குப் போகவில்லை. ஸ்டீராய்டு போயிருப்பதால் காய்ச்சல் அமுங்கியிருக்கலாம், சர்க்கரையும் வெள்ளணு எண்ணிக்கையும் ஏறியிருக்கலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகள்: மெட்ஃபார்மின், கிளிமெப்பிரைடு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. இரத்த அழுத்தத்துக்கு இருந்த டெல்மிசார்டான் 40 மி.கி.க்குப் பதிலாக, இரண்டு மாதம் முன்பு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். அட்டையின் நிறம் மாறியது மட்டுமே நோயாளிக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த அந்தத் தயசைடு, சிறுநீரகம் யூரேட்டை (யூரிக் அமிலத்தின் உப்பை) வெளியேற்றுவதைக் குறைக்கும். 'வேறு மாத்திரை ஏதாவது புதுசா சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் கொண்டுவரச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும்.

வழிகாட்டிய கேள்வி ஒன்றுதான்.

"ஐயா, இதுக்கு முன்னாடி கால் கட்டைவிரல் அடியில எப்பவாவது வீங்கியிருக்கா?"

"அது சுளுக்குங்க. நாலு வருசத்துல மூணு தடவ வந்துச்சு. வேட்டி நுனி பட்டாலே உயிர் போயிரும். ஒரு வாரத்துல தானா சரியாப் போயிரும்."

அடிபடாமல் வரும் சுளுக்கு, அதே இடத்தில் மூன்று முறை வரும் சுளுக்கு, தானாகவே முழுக்க அடங்கும் சுளுக்கு: இது கவுட்டின் (யூரேட் படிகங்கள் மூட்டில் படிந்து வரும் மூட்டழற்சியின்) வரலாறு. இரண்டாவது முறை வந்தபோது யூரிக் அமிலம் பார்த்திருக்கிறார்கள், டெசிலிட்டருக்கு 6.1 மி.கி. 'யூரிக் அமிலம் நார்மல், கவுட் இல்லை' என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அதன் பிறகான தாமதத்துக்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

பரிசோதனை

உடல் வெப்பம் 100.8 ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு 104, இரத்த அழுத்தம் 150/90. வலது முழங்கால் சிவந்து, தொட்டால் சுடுகிறது. முழங்கால் சில்லுக்கு மேலே இருபுறமும் குழிவு மறைந்து நிறைந்திருக்கிறது. சில்லை அழுத்தினால் நீரில் மிதந்து எலும்பில் தட்டுவது தெரிகிறது. 40 பாகைக்கு மேல் மடக்க முடியவில்லை.

மாணவர்கள் தவறவிடும் இடம் இங்கே இருக்கிறது. நோயாளி தானாக அசைத்தாலும் வலி, நாம் மெல்ல அசைத்தாலும் வலி, எல்லாத் திசையிலும் வலி என்றால் கோளாறு மூட்டுக்குள் இருக்கிறது. சில்லுக்கு முன்னால் மட்டும் பம்மென்று வீங்கி, காலை நாம் நீட்டிவிடும்போது வலி இல்லையென்றால் அது சில்லுக்கு முன்புள்ள நீர்ப்பையின் அழற்சி. இரண்டையும் பிரிக்காமல் ஊசியை எடுத்தால், தொற்றுள்ள நீர்ப்பை வழியாகவோ செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று) உள்ள தோல் வழியாகவோ சுத்தமான மூட்டுக்குள் கிருமியை நாமே கொண்டுபோய் விடுவோம்.

காது மடல், முழங்கை நுனி, குதிகால் தசைநாண் மூன்றையும் தடவிப் பார்க்க வேண்டும். இவரது இடது முழங்கை நுனியில் மிளகு அளவில் கெட்டியான, வலியில்லாத முடிச்சு ஒன்று இருந்தது. டோஃபஸ், அதாவது யூரேட் படிகக் கட்டி. இரண்டு பாதங்களிலும் ஆழமான பித்தவெடிப்பு. சர்க்கரை நோயாளிக்குக் கிருமி நுழைய அதுவே போதும். கவுட்டுக்கும் சான்று இருக்கிறது, தொற்றுக்கும் வாசல் திறந்திருக்கிறது.

கையோடு வந்த ரிப்போர்ட்டுகள்

வெளியே 'ஆர்த்ரைடிஸ் பேனல்' எடுத்து வந்திருந்தார். யூரிக் அமிலம் 6.3 மி.கி., ஆர்.ஏ. ஃபேக்டர் 28 (அந்த லேபின் மேல்வரம்பு 20), ஏ.எஸ்.ஓ. நெகட்டிவ். முழங்கால் எக்ஸ்ரேயில் உட்புற இடைவெளி சற்றுக் குறைவு, சிறிய எலும்பு முனைகள். 'மூட்டுத் தேய்மானம்' என்று ரிப்போர்ட்.

இந்த நான்கையும் அப்படியே நம்பினால் தவறான முடிவுகளே கிடைக்கும். குறைந்த அளவு ஆர்.ஏ. ஃபேக்டர் நலமாக இருக்கும் முதியவர்களுக்கும், காசநோய், ஹெபடைட்டிஸ் சி போன்ற நீண்டகாலத் தொற்றுள்ளவர்களுக்கும் இருக்கும்; மூன்று நாளில் வீங்கிய ஒற்றை முழங்காலுக்கு முடக்குவாதப் பட்டம் கட்ட அது போதாது. 56 வயதில் ஏ.எஸ்.ஓ. எதற்கும் உதவாது. தேய்மானம் இந்த வயதில் பலருக்கும் உண்டு. அது காய்ச்சலைக் கொண்டுவராது. யூரிக் அமிலம்தான் இவற்றில் மோசமான வழிகாட்டி. தாக்குதலின்போது அழற்சிப் புரதங்களின் விளைவால் சிறுநீரகம் யூரேட்டைக் கூடுதலாக வெளியேற்றுவதால், கணிசமானோருக்கு அந்த நேரத்தில் அளவு இறங்கியிருக்கும். தாக்குதல் அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுப்பதே உண்மையான அளவு.

மருத்துவமனையில் எடுத்தவை: வெள்ளணு 13,800 (நியூட்ரோஃபில் 84%), அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. லிட்டருக்கு 142 மி.கி., சர்க்கரை 238, எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.4%. கிரியாட்டினின் 1.7; ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டில் 1.4. சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 47 மி.லி. டைக்ளோஃபெனாக்கின் பங்கும் அதில் இருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு முன் இரண்டு இடங்களிலிருந்து இரத்தக் கல்ச்சர் எடுக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் முழங்காலுக்குள் இருப்பது படிகமா கிருமியா என்று தெரியாது. சி.ஆர்.பி. இரண்டிலும் ஏறும், காய்ச்சலும் இரண்டிலும் வரும்.

மூட்டுநீர் எடுத்தல்

நோயாளி மல்லாந்து படுத்திருக்க, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து 15 முதல் 20 பாகை மடக்கம். தொடைத் தசை இறுகியிருந்தால் நீர் வராது. பேச்சுக் கொடுத்துத் தளர்த்துவதே பாதி வேலை. சில்லின் மேல்-வெளி மூலையிலிருந்து மேலே 1 செ.மீ., வெளியே 1 செ.மீ. தள்ளிப் பேனா முனையால் அழுத்திக் குறித்துக்கொள்வது நல்லது. மை அழிந்தாலும் பள்ளம் நிற்கும். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவி முழுதும் காயவிட வேண்டும். 26 கேஜ் ஊசியால் 1% லிக்னோகெய்ன் 2 மி.லி. தோலிலும் அடியிலும் மட்டும். அதை மூட்டுக்குள் விடக் கூடாது. லிக்னோகெய்ன் கிருமி வளர்ச்சியை அடக்கும், கல்ச்சர் பொய் சொல்லும்.

பிறகு 18 கேஜ் ஊசி, 20 மி.லி. சிரிஞ்ச். சில்லுக்கு அடியில் நுழையுமாறு சற்றே கீழ்நோக்கி, பின்னிழுத்துக்கொண்டே செல்ல வேண்டும். மறு கையால் உட்பக்கமிருந்து அழுத்தினால் நீர் ஊசிப் பக்கம் ஒதுங்கும். 21 கேஜில் முயன்று, கெட்டியான நீர் வராமல், 'ட்ரை டேப்' (நீர் இல்லை) என்று எழுதிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நீர் திடீரென நின்றால் ஊசி முனையில் சவ்வு ஒட்டியிருக்கும். ஊசியைச் சற்றே பின்னுக்கு எடுத்துத் திருப்பினால் மறுபடி வரும். வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவருக்கும் ஐ.என்.ஆர். (உறைதல் அளவு) சிகிச்சை வரம்புக்குள் இருந்தால், மாத்திரையை நிறுத்திக் காத்திருக்காமல் இதைச் செய்யலாம்.

45 மி.லி. வந்தது. மஞ்சள், கலங்கல், சிரிஞ்சுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியவில்லை. வீங்கிய மூட்டிலிருந்து இவ்வளவு வெளியேறியதுமே நோயாளியின் முகம் மாறிவிடும். இது சோதனை மட்டுமல்ல, முதல் வலி நிவாரணமும்கூட.

எடுத்த நீரைப் பிரிக்கும் வரிசை முக்கியம். முதலில் இரத்தக் கல்ச்சர் பாட்டிலில் 8 மி.லி., கிராம் சாயத்துக்கு ஸ்டெரைல் டப்பாவில் கொஞ்சம், அணு எண்ணிக்கைக்கு ஈ.டி.டி.ஏ. குழாய், படிகத்துக்கு ஒரு சொட்டு நேரே கண்ணாடித் தகட்டில். லித்தியம் ஹெப்பாரின், ஆக்சலேட் குழாய்களில் போட்டால் அந்த வேதிப்பொருளே படிகமாகத் தெரிந்து குழப்பும். முன்பு அந்த மூட்டில் ட்ரையம்சினலோன் (ஸ்டீராய்டு) போட்டிருந்தால் அதன் துகள்களும் ஒளிரும். லேபுக்குச் சொல்லிவிட வேண்டும். வந்ததே ஒரு சொட்டுதான் என்றால் கல்ச்சருக்கே முதலிடம்.

முடிவு: வெள்ளணு 58,000, நியூட்ரோஃபில் 93%. கிராம் சாயத்தில் கிருமி இல்லை. துருவ ஒளி நுண்நோக்கியில் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஊசி வடிவப் படிகங்கள். நுண்நோக்கியின் ஈடுசெய் தகட்டின் (கம்பென்சேட்டர்) மெது அச்சுக்கு இணையாகக் கிடந்தவை மஞ்சளாகவும் குறுக்கே கிடந்தவை நீலமாகவும் தெரிந்தன. மோனோசோடியம் யூரேட். போலிக் கவுட்டின் கால்சியம் பைரோஃபாஸ்பேட் படிகம் இதற்கு நேர்மாறான நிறத்தில், மங்கலாக, கட்டையான சாய்சதுர வடிவில் இருக்கும். 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டுநீரில் காட்டிய அதே சோதனைதான் இன்றும் அளவுகோல். துருவ ஒளி நுண்நோக்கி இல்லாத இடத்தில், சாதாரண நுண்நோக்கியின் விளக்குக்கு மேல் ஒரு போலராய்டு துண்டும் கண்வில்லைப் பக்கம் இன்னொன்றும் வைத்துத் திருப்பினால் இருட்டில் யூரேட் ஊசிகள் பளிச்சிடும். நிறம் பிரியாது, ஆனால் தேடவேண்டிய இடம் தெரியும்.

படிகம் தெரிந்த பிறகும் ஏன் ஆன்டிபயாடிக்?

தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி. படிகம் இருப்பது கிருமி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டும் ஒரே மூட்டில் இருக்கலாம். தொற்றால் சவ்வு அழன்று, பழைய படிகப் படிவுகள் உதிர்ந்து நீரில் மிதப்பதும் உண்டு. 2007-இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வின்படி வெள்ளணு 50,000-ஐத் தாண்டினால் தொற்றுக்கான சாத்திய விகிதம் (அந்த முடிவு தொற்றின் பக்கம் எத்தனை மடங்கு சாய்கிறது என்ற அளவு) 7.7, 1,00,000-ஐத் தாண்டினால் 28. கவுட்டிலும் 50,000-க்கு மேல் போவது உண்டு. கிராம் சாயம் தொற்றுள்ள மூட்டுகளில் பாதியைக்கூடத் தவறவிடும். சர்க்கரை நோய், காய்ச்சல், பித்தவெடிப்பு, 58,000: இந்த நான்கும் சேர்ந்த மனிதருக்குக் கல்ச்சர் வரும்வரை ஆன்டிபயாடிக் கொடுக்காமலிருப்பது துணிச்சல் அல்ல, சூதாட்டம். தொற்றை விட்டுவைத்தால் குருத்தெலும்பு சில நாட்களில் அழியும்; இரண்டு மூன்று நாள் தேவையில்லாமல் மருந்து போனால் இழப்பு சிறிது.

செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் தினம் ஒருமுறை. உடல் எடைக்கேற்ப வாங்கோமைசின், சிறுநீரகத்தை முன்னிட்டு இரத்த அளவு பார்த்து. எலும்பியல் பிரிவுக்குத் தகவல், கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் மூட்டைக் கழுவ ஆயத்தம்.

லேபுக்கு இன்னொரு வரியும் எழுதப்பட்டது: 'விவசாயி, சர்க்கரை நோய், மெலியாய்டோசிஸ் சாத்தியம்.' மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை ஈர மண்ணில் வாழும் கிருமி. நெல் வயலில் வெறுங்காலோடு நிற்கும் சர்க்கரை நோயாளி அதற்கு ஏற்ற இலக்கு, தமிழ்நாட்டிலும் காணப்படுகிறது. தட்டில் வளர்ந்தாலும் சூடோமோனாஸ் என்றோ கலப்படம் என்றோ ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். ஆக்சிடேஸ் பாசிட்டிவ் ஆகி, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிக்லாவுக்கு அடங்குகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். அப்போது செஃப்ட்ரியாக்சோன் போதாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் வேண்டும்.

வலிக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் இந்த நோயாளியிடம் உண்மையான சிக்கல். கிரியாட்டினின் 1.7-இல் டைக்ளோஃபெனாக் வகை எதுவும் கூடாது. பிரட்னிசோலோன் 30 மி.கி. ஐந்து நாள் என்பது மற்றவருக்கு எளிய வழி. கல்ச்சர் நிலுவையில், சர்க்கரை 238 இருக்கும்போது இவருக்கு இப்போது வேண்டாம். கவுட் தாக்குதலை அடக்கும் கோல்ச்சிசின் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி. என்ற முறை, வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் நாளில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆகவே 0.5 மி.கி. இருவேளை, ஐஸ் பை, பாராசிட்டமால். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்ற பழைய முறையை இன்னும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது விஷத்தன்மையில் கொண்டுபோய் விடும்.

48 மணி நேரத்தில் எந்தக் கல்ச்சரிலும் வளர்ச்சி இல்லை. காய்ச்சல் இறங்கியது. இரண்டாம் முறை எடுத்த 20 மி.லி. நீரில் வெள்ளணு 19,000, அதிலும் கிருமி இல்லை. ஆன்டிபயாடிக் மூன்றாம் நாள் நிறுத்தப்பட்டது. மூட்டுக்குள் ட்ரையம்சினலோன் 40 மி.கி. செலுத்தப்பட்டது. அதன் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்று சொல்லி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. ஐந்தாம் நாள் இறுதிக் கல்ச்சரும் நெகட்டிவ். நோயாளி நடந்து வீடு போனார்.

வீடு போன பிறகுதான் வைத்தியம்

தாக்குதலை அடக்குவது யாராலும் முடியும். வழி தவறுவது அதற்குப் பின்புதான்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த யூரிக் அமிலம் 8.9. உடல் வெப்பத்தில் யூரேட் கரையும் வரம்பு சுமார் 6.8 மி.கி.; அதற்கு மேல் இருக்கும்வரை படிகம் படியும், 6-க்குக் கீழே வைத்தால் படிந்தது கரையும். டோஃபஸ் உள்ளவருக்கு 5-ஐ நோக்கிப் போவது நல்லது. டோஃபஸும் சிறுநீரகப் பாதிப்பும் இருப்பதால் இவருக்கு யூரேட் குறைக்கும் மருந்து கட்டாயம்.

அல்லோப்யூரினால் 50 மி.கி.யில் தொடக்கம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு முதல் நாளே 300 மி.கி. எழுதுவதுதான் ஆபத்து, கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் எட்டு வாரத்தில், உயர் தொடக்க அளவில் வருகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. கூட்டி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை போக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு என்பதற்காக 100 மி.கி.யிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதும் பிழைதான். தொடக்கத்தில் நிதானம் வேண்டும், இலக்கில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உடலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் ஏதாவது வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட்டது. அசாதியோப்ரின் எடுப்பவருக்கு அல்லோப்யூரினால் சேர்த்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கிவிடும் என்பதையும் மாணவர்கள் இதே பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

தயசைடு நிறுத்தப்பட்டது. டெல்மிசார்டானுக்குப் பதில் லோசார்டான், அதற்குக் கொஞ்சம் யூரேட் வெளியேற்றும் குணமும் உண்டு, கூடவே ஆம்லோடிபின். புதிய தாக்குதலைத் தடுக்க முதல் ஆறு மாதம் கோல்ச்சிசின் 0.5 மி.கி. தினம் ஒன்று. அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்வதால் தொடைத் தசை வலியோ தளர்ச்சியோ வந்தால் சி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் நொதி) பார்க்க வேண்டும். சளி இருமலுக்கு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால் கோல்ச்சிசினை நிறுத்தாமல் அந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது.

உணவில் தேவையற்ற தடைகள் நிறைய. பருப்பு, கீரை, தக்காளி, காளான் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஊரே அறிவுரை சொல்லும். தாவரப் பியூரின் கவுட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. குறைக்க வேண்டியவை ஈரல், குடல், நெத்திலி, மத்தி, கருவாடு, பீர், சர்க்கரை சேர்த்த குளிர்பானம். இவ்வளவும் செய்தால் யூரிக் அமிலம் சுமார் 1 மி.கி. இறங்கும், 8.9-ஐ 6-க்குக் கொண்டுவர அது போதாது.

ஏழாவது வாரத்தில் இடது கணுக்கால் வீங்கியது. மாத்திரை தொடங்கிய பிறகுதான் இந்த வலி வந்தது என்று அல்லோப்யூரினாலையும் கோல்ச்சிசினையும் அவரே நிறுத்திவிட்டிருந்தார். யூரேட் இறங்கும்போது பழைய படிவுகள் குலைந்து உதிர்வதால் தொடக்க மாதங்களில் தாக்குதல் கூடும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் விட்டால் நோயாளியைக் குறை சொல்ல முடியாது. தாக்குதலின் நடுவில் அல்லோப்யூரினாலை நிறுத்தவே கூடாது. கணுக்கால் நான்கு நாளில் அடங்கியது. இரண்டு மாத்திரையும் விட்ட அளவிலிருந்து தொடர்ந்தன, அளவு முன்புபோலவே மாதத்துக்கு 50 மி.கி. ஏறியது.

எட்டாம் மாதத்தில் அல்லோப்யூரினால் 350 மி.கி., யூரிக் அமிலம் 5.3, கிரியாட்டினின் 1.4. கோல்ச்சிசின் நிறுத்தப்பட்டது. முழங்கை முடிச்சு இருக்கிறது, ஆனால் மெத்தென்றாகிவிட்டது. கரைய இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். அதை வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டார். புண் ஆறாமல் போகும் வாய்ப்பு உள்ளதால் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. வேறு காரணத்துக்காக எப்போதாவது அதை எடுக்க நேர்ந்தால், திசுவை ஃபார்மலினில் போடாமல் ஆல்கஹாலில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் யூரேட் கரைந்து, பத்தாலஜி ரிப்போர்ட்டில் படிகமே இருக்காது. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து: யூரிக் அமிலம், கிரியாட்டினின், கல்லீரல் சோதனை. எப்போதாவது காசநோய் மருந்து தொடங்க நேர்ந்தால் பைரசினமைடு யூரேட்டை ஏற்றும் என்பதால், அந்த மருத்துவரிடம் இந்தச் சீட்டைக் காட்டும்படி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.